புதுக் கம்யூனிட்டியில் பில்டர் வீடா, பதினைந்து வருடப் பழைய வீடா?

டல்லாஸுக்கு வடக்கே செலினா, பிராஸ்பர். ராலே பக்கம் ஏபெக்ஸ், ஹாலி ஸ்பிரிங்ஸ். அட்லாண்டாவுக்கு மேலே கம்மிங். இப்படி அமெரிக்கப் புறநகர்களில் வீடு தேடுகிற நம் குடும்பங்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரே கேள்விதான் வந்து நிற்கிறது. கையில் இருக்கும் பட்ஜெட்டுக்கு இரண்டு வீடு தேறும். ஒன்று, ஊரின் ஓரத்தில் பில்டர் வரிசையாகக் கட்டிக்கொண்டிருக்கும் கம்யூனிட்டியில் புத்தம்புது வீடு. இன்னொன்று, அதைவிடப் பல மைல் உள்ளே, பதினைந்து வருடத்துக்கு முன் இதே போல ஒரு பில்டர் கட்டி, இப்போது மரமெல்லாம் வளர்ந்து நிற்கும் தெருவில் ஒரு வீடு. புதியது பெரிதாக இருக்கும். பழையது ஆபீஸுக்குக் கிட்டே இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருடம் அங்கேயே இருப்பது ஓரளவு உறுதி, கம்யூனிட்டி கட்டி முடியும் நிலையில் இருக்கிறது, முழு வரி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தாகிவிட்டது என்றால் புது வீடு நல்ல முடிவு. இந்த மூன்றில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் நான் பதினைந்து வருட வீட்டின் பக்கம்தான் நிற்பேன். மாடல் ஹவுஸில் நாம் பார்ப்பது கிச்சனையும் மாடியில் இருக்கும் கேம் ரூமையும். மாதாமாதம் எவ்வளவு போகும், நாளைக்கு விற்றால் என்ன வரும் என்பதை முடிவு செய்வதோ வரி, ஹெச்ஓஏ (வீட்டுக்காரர் சங்கம்) சந்தா, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் மனைகள், ஆபீஸ் தூரம்.

ஒரே மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டி விற்பது புதிய விஷயம் இல்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947-இல் லெவிட் நிறுவனம் லெவிட்டவுனைத் தொடங்கியது. 1951-க்குள் 17,000-க்கும் மேல் வீடுகள். ஒரு குழு அஸ்திவாரம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னாலேயே மரச்சட்டம் அடிக்கும் குழு வரும். இன்றும் டி.ஆர். ஹார்ட்டன், லென்னார், பல்டி போன்ற பெரிய பில்டர்கள் வேலை செய்வது கிட்டத்தட்ட இதே முறையில்தான். விலை குறைவதும் இதனால்தான், அவசர வேலையால் குறைகள் வருவதும் இதனால்தான். (தொடக்க கால லெவிட்டவுன் ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒரு ஷரத்தும் இருந்தது. 1968-இல் வந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன பேதத்தைத் தடை செய்தது. நம்மைப் போன்றவர்கள் இன்று எந்தத் தெருவிலும் வீடு வாங்க முடிகிறது என்பதற்குப் பின்னால் பலருடைய போராட்டம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.)

புது வீட்டின் உண்மையான பலம்

சுவரில் இன்சுலேஷன், நல்ல ஜன்னல், கசியாத ஏசி குழாய் என்று சக்திச் சிக்கன விதிகள் 2009-க்குப் பிறகு நிறையவே இறுகிவிட்டன. வீட்டுக்குள் காற்று எவ்வளவு கசிகிறது என்று விசிறி வைத்து அளக்கும் சோதனை பல இடங்களில் கட்டாயம். கோடையில் கரண்ட் பில்லில் இந்த வித்தியாசம் தெரியும். கூரை, ஏசி, வாட்டர் ஹீட்டர் மூன்றும் புதிது என்பதால் சில வருடங்களுக்குப் பெரிய செலவு வராது. கூரையின் வயதைப் பார்த்துத்தான் பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பிரீமியம் சொல்கின்றன. டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் இது சின்ன விஷயம் இல்லை. ஃப்ளோரிடாவில் 1992-இல் வந்த ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு விதிகளைத் திருத்தி, 2002-இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதியைக் கொண்டுவந்தார்கள். அங்கே 2002-க்கு முன், பின் என்று வீடுகளைப் பிரித்துப் பார்ப்பது நியாயமே.

அப்புறம், தெருவில் எல்லாரும் ஒரே சமயத்தில் குடிவருகிறார்கள். குழந்தைகள் ஒரே வயதில் இருப்பார்கள், யாரும் யாருக்கும் பழையவர் இல்லை. உறவினர்களை விட்டு வந்த குடும்பத்துக்கு இது பணத்தால் அளக்க முடியாத லாபம். கிழக்குப் பார்த்த மனை வேண்டும் என்பவர்களுக்கும் புதுக் கம்யூனிட்டியில்தான் தேர்வு அதிகம். அதற்கு லாட் பிரீமியம் (அந்த மனைக்கென்று தனியாகக் கூடுதல் விலை) கேட்டால், அந்தப் பணம் மறுவிற்பனையில் அப்படியே திரும்ப வரும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

வரி: பலர் கவனிக்காமல் விடுவது இங்கேதான்

புதுக் கம்யூனிட்டிக்கு ரோடு, தண்ணீர், கழிவுநீர் குழாய் எல்லாம் யாரோ போட்டாக வேண்டும். டெக்சாஸில் இதற்கு எம்யுடி (Municipal Utility District) என்ற வட்டார அமைப்பு பாண்டு, அதாவது கடன் பத்திரம், விற்றுப் பணம் திரட்டும். அதை அங்கே குடிவருபவர்கள் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டுவார்கள். கலிஃபோர்னியாவில் 1978-இன் ப்ராபசிஷன் 13 என்ற விதி சொத்து வரிக்கு வரம்பு போட்டுவிட்டதால், 1982-இல் மெல்லோ-ரூஸ் என்று தனி வரி வந்தது. ஃப்ளோரிடாவில் இதற்கு சிடிடி என்று பெயர். பெயர் எதுவானாலும் கட்டுவது புது வீட்டுக்காரர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீடும் 4,50,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தெருவில் மொத்த வரி 1.8 சதவிகிதம், எம்யுடி உள்ள புதுத் தெருவில் 2.9 சதவிகிதம். வித்தியாசம் வருடத்துக்கு 4,950 டாலர், மாதத்துக்கு 412. வட்டி 6.5 சதவிகிதமாக இருந்தால், 30 வருடக் கடனில் ஒரு லட்சம் டாலருக்கு மாதத் தவணை 632 வரும். அப்படியானால் அந்த 412 டாலரில் இன்னும் 65,000 டாலர் கடனையே அடைத்துவிடலாம். கூடும் விலைக்கான வரியையும் கழித்துப் பார்த்தால், சுமார் 5,00,000 டாலர் பழைய வீடும் 4,50,000 டாலர் புது வீடும் மாதக் கணக்கில் ஏறக்குறைய பக்கத்தில் வந்துவிடுகின்றன. இந்த ஒரு கணக்கைப் போட்டால் பல குடும்பங்களின் பட்டியல் மாறிவிடும் என்று நினைக்கிறேன். மனைகள் நிறைய நிறைய எம்யுடி வரி விகிதம் பொதுவாகக் குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்குப் பல வருடம் ஆகும்.

இன்னொரு சிக்கல் இதைவிட மோசமானது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஜனவரி 1-இல் மனை காலியாக இருந்தால், அந்த வருட வரி மனைக்கு மட்டுமே வரும். அதை வைத்து எஸ்க்ரோ (வரிக்காகக் கடன் நிறுவனம் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) கணக்குப் போட்டால் முதல் வருடத் தவணை அழகாகத் தெரியும். மனை மதிப்பு 90,000 என்றால் 2.9 சதவிகிதத்தில் வரி 2,610. அடுத்த வருடம் வீட்டையும் சேர்த்து 4,50,000-க்குப் போட்டால் 13,050. மாதத்துக்கு 870 டாலர் கூடும், அதோடு எஸ்க்ரோவில் விழுந்த துண்டையும் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். டெக்சாஸில் சொந்தக் குடியிருப்பின் வரி மதிப்பு வருடத்துக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குப் பொருந்தாது. அதனால் வீடு முடிந்த நிலைக்கான வரியை வைத்தே எஸ்க்ரோ போடச் சொல்லி முதல் நாளே கடன் கொடுப்பவரிடம் கேளுங்கள். பழைய வீட்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: விற்பவருக்கு வயது காரணமாகவோ பல வருட வரம்பு காரணமாகவோ வரி குறைவாக இருந்திருக்கலாம். அவருடைய பில்லைப் பார்க்காதீர்கள், இன்றைய சந்தை மதிப்பை வரி விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள்.

ஹெச்ஓஏவைப் பொறுத்தவரை ஒரு விஷயம் போதும். மனைகள் விற்கும் வரை சங்கத்தின் பிடி பில்டர் கையில்தான் இருக்கும். சந்தா குறைவாக இருப்பது விற்பனைக்கு நல்லது. குடியிருப்பவர்களிடம் ஒப்படைத்த பிறகுதான் நீச்சல் குளமும் புல்வெளியும் எவ்வளவு தின்கின்றன என்று தெரியும், சந்தா ஏறும். பழைய தெருவில் அந்தச் சங்கத்தின் வரவு செலவையும் சேமிப்பு நிதியையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

பில்டர் தரும் சலுகை

வட்டி உயர்ந்த பிறகு புது வீட்டின் பக்கம் மக்களை இழுப்பது இதுதான். தன் கடன் நிறுவனத்தில் வாங்கினால் பில்டர் தன் செலவில் வட்டியைக் குறைத்துத் தருகிறார். இது நிஜமான பணம், ஒதுக்கித் தள்ள வேண்டாம். ஆனால் இரண்டு வகை இருக்கிறது. 2-1 பைடவுன் என்பது தற்காலிகம்: 4,00,000 டாலர் கடனுக்கு 6.5 சதவிகிதம் என்றால் முதல் வருடம் 4.5-க்கு 2,027, இரண்டாம் வருடம் 5.5-க்கு 2,271, அதற்குப் பிறகு கடைசி வரை 2,528. மூன்றாம் வருடத் தவணையை இன்றைய சம்பளத்தில் கட்ட முடியாது என்றால் அந்த வீடு நமக்கானது இல்லை. நிரந்தரமாக ஒரு சதவிகிதம் குறைத்துத் தந்தால் அதே கடனில் மாதம் 257 டாலர் மிச்சம். விலையில் 20,000 குறைத்தால் மிச்சம் 126 தான். நீண்ட நாள் இருப்பவருக்கு வட்டிக் குறைப்பு லாபம். மூன்று நான்கு வருடத்தில் விற்கலாம், அல்லது வட்டி இறங்கினால் ரீஃபைனான்ஸ் செய்வோம் என்பவருக்கு விலைக் குறைப்பே நல்லது, ஏனென்றால் கடன் அங்கேயே குறைகிறது. பில்டர் விலையைக் குறைக்கத் தயங்குவதற்குக் காரணம், அந்த விலை பதிவாகி அடுத்த வீட்டின் மதிப்பையும் இறக்கிவிடும். அதனால்தான் சலுகை வேறு உருவத்தில் வருகிறது. ஆக, உங்கள் தெருவில் பதிவாகும் விலை உண்மையான விலையைவிட உயரமாகத் தெரியலாம்.

பங்குச்சந்தையில் இருக்கும் பில்டர்களுக்குக் காலாண்டு முடிவில் வீடு கைமாறியிருக்க வேண்டும். டி.ஆர். ஹார்ட்டனின் நிதியாண்டு செப்டம்பர் 30-இலும் லென்னாரின் ஆண்டு நவம்பர் 30-இலும் முடிகிறது. அதை ஒட்டிக் கட்டி முடித்துக் காத்திருக்கும் வீடுகளுக்குத்தான் பேரம் பேச இடம் அதிகம்.

ஒப்பந்தமும் கட்டுமானமும்

பழைய வீட்டை வாங்கும்போது மாநிலத்தின் பொதுப் படிவம் இருக்கும், இன்ஸ்பெக்ஷன் செய்து பிடிக்காவிட்டால் விலகக் கால அவகாசம் இருக்கும், விற்பவர் தெரிந்த குறைகளை எழுதித் தர வேண்டியிருக்கும். பில்டரின் ஒப்பந்தம் பில்டரின் வக்கீல் எழுதியது. கட்டி முடிக்க 2 வருடம் வரை அவகாசம், வழக்குக்குப் பதில் நடுவர் தீர்ப்பு (ஆர்பிட்ரேஷன்), அப்கிரேடுக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வராது என்றெல்லாம் இருக்கும். ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். வேலை போனால் 60 நாள் சலுகைக் காலம்தான். வீடு பாதி கட்டியிருக்கும்போது அப்படி ஆனால் கடன் அனுமதியும் போய்விடும், முன்பணமும் போகக்கூடும். இவர்கள் ஆறேழு மாதம் காத்திருந்து கட்டிக்கொள்வதைவிட, கட்டி முடித்த இன்வென்டரி வீட்டை ஒரே மாதத்தில் முடிப்பது எவ்வளவோ மேல்.

மாடல் ஹவுஸில் இருக்கும் விற்பனையாளர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் பில்டரின் ஆள். உங்களுக்கென்று ரியல்ட்டர் (வீட்டு முகவர்) வைக்கப்போகிறீர்கள் என்றால் முதல் தடவையே அவருடன் போங்கள்; தனியாகப் போய்ப் பெயர் பதிந்துவிட்டால் பல பில்டர்கள் பிறகு அவரை ஏற்பதில்லை.

கட்டுமானத் தரம் பில்டரைப் பொறுத்ததைவிட, அந்த வாரம் அந்த மனைக்கு வந்த குழுவையும் அவர்களை மேற்பார்த்தவரையும் பொறுத்தது. அடிக்கடி அகப்படுபவை: பரணின் மூலைகளில் விட்டுப்போன இன்சுலேஷன், ஜன்னலைச் சுற்றிச் சரியாக மூடாத ஃப்ளாஷிங் (மழைநீர் உள்ளே வராமல் தடுக்கும் பட்டை), மடங்கி நசுங்கிய ஏசி குழாய், வீட்டைப் பார்த்துச் சரியும் மண். வீட்டிலிருந்து முதல் 10 அடிக்குள் நிலம் 6 அங்குலமாவது சரிய வேண்டும் என்பது விதி. நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து போவார், ஆனால் ஒரே நாளில் பல வீடுகளைப் பார்ப்பவர் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் நீங்களே ஒரு தனி இன்ஸ்பெக்டரை வையுங்கள்: கான்கிரீட் ஊற்றும் முன், சுவர்ப் பலகை மூடும் முன், சாவி வாங்கும் முன், பிறகு 11-ஆம் மாதம். இதில் சுவர்ப் பலகைக்கு முந்தையதை விடவே விடாதீர்கள், வயரும் குழாயும் மரச்சட்டமும் கண்ணுக்குத் தெரிவது அப்போது மட்டும்தான். 11-ஆம் மாதம் எதற்கு என்றால், வழக்கமான வாரண்டி வேலைப்பாட்டுக்கு 1 வருடம், குழாய், மின்சாரம், ஏசிக்கு 2 வருடம், கட்டமைப்புக்கு 10 வருடம். முதல் வருடம் முடிந்துவிட்டால் சின்னக் குறைகளைக் கேட்க முடியாது. அந்த 10 வருடத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். வீட்டின் பாரத்தைத் தாங்கும் பகுதி வாழவே முடியாத அளவுக்குப் பழுதானால்தான் என்று அதன் வரையறை பெரும்பாலும் குறுகலாக இருக்கும்.

பதினைந்து வருட வீடு இங்கே ஒரு விதத்தில் முந்துகிறது. டல்லாஸ் பக்கத்துக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவது. பதினைந்து கோடையைப் பார்த்த அஸ்திவாரம் விரிசல் விட வேண்டியதாக இருந்தால் பெரும்பாலும் விட்டிருக்கும், இன்ஸ்பெக்டரால் பார்க்க முடியும். புது வீட்டில் மண் இன்னும் தன் குணத்தைக் காட்டவில்லை.

பழைய வீட்டின் செலவையும் மறைக்கக் கூடாது. கூரையும் ஏசியும் பெரும்பாலும் 15 முதல் 20 வருடத்தில் மாற்ற வேண்டிவரும், வாட்டர் ஹீட்டர் அதற்கும் முன்னே. மாற்றாமல் விற்கிறார்கள் என்றால் வாங்கும் விலையிலேயே கழித்துக் கேளுங்கள். இன்னும் பின்னால் போய் 1978-க்கு முந்தைய வீடு என்றால் ஈயப் பெயின்ட், 1965 முதல் 1973 வரை என்றால் அலுமினிய வயர், 1978 முதல் 1995 வரை என்றால் பாலிபியூட்டிலீன் குழாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பதினைந்து வருட வீட்டைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: 2000-க்குப் பிறகு கட்டியதில் இந்தத் தொல்லைகள் இல்லை.

விற்கும் நாள்

கம்யூனிட்டி பாதி கட்டிய நிலையில் நீங்கள் விற்க நேர்ந்தால், உங்கள் போட்டியாளர் அடுத்த தெருவில் இருக்கும் அதே பில்டர். அதே பிளான், புதிது, வட்டிக் குறைப்போடு. உங்களால் அதைத் தர முடியாது. விற்கும் செலவே விலையில் 6 முதல் 8 சதவிகிதம் போகலாம். கலிஃபோர்னியாவில் ஆல்டமோன்ட் கணவாய்க்கு அப்பால் இருக்கும் மவுண்டன் ஹவுஸ் இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம். சிலிக்கான் வேலியில் வாங்க முடியாதவர்களுக்காக எழுந்த புது ஊர் அது. 2008-இல் விலை விழுந்தபோது அங்கே கடன் வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் வீட்டின் மதிப்பைவிட அதிகம் கடன்பட்டிருந்தார்கள். தாக்குப்பிடித்து இருந்தவர்கள் பின்னால் மீண்டார்கள், 2024-இல் அது தனி நகரமாகவும் ஆனது. அன்று அங்கே அதிகம் அடிபட்டவர்கள் வேலை போய் விற்க வேண்டியவர்களும், தவணை ஏறியதைத் தாங்க முடியாதவர்களும்தான். ஊர் ஓரத்து வீட்டில் எத்தனை வருடம் இருக்க முடியும் என்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

பள்ளிக்கூட விஷயமும் இதோடு சேர்ந்தது. விளம்பரப் பலகையில் இருக்கும் பள்ளிதான் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று உறுதி இல்லை. வேகமாக வளரும் இடங்களில் எல்லைகளை அடிக்கடி மாற்றி வரைகிறார்கள். வட கரோலினாவின் வேக் கவுண்டியில் சில பள்ளிகள் நிரம்பிவிட்டால் புதிதாக வருபவர்களை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். விற்பனையாளரிடம் கேட்காமல், குறிப்பிட்ட முகவரியைச் சொல்லிப் பள்ளி மாவட்டத்திடம் நேரே கேளுங்கள்.

சரி, யாருக்கு எது? இரண்டு பேரும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், கிரீன் கார்டு கையில், பிள்ளைகள் தொடக்கப்பள்ளி வயது என்றால், கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்ட கம்யூனிட்டியில் இன்வென்டரி வீடு நல்ல பொருத்தம். வாரத்துக்கு நான்கு நாள் ஆபீஸ் என்றால், அந்தத் தூரம் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான மணி நேரத்தைத் தின்றுவிடும். அவர்களுக்கு உள்ளே இருக்கும் பழைய வீடு, 400 சதுர அடி குறைவாக இருந்தாலும் சரி. விசா நிலை தெளியவில்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தெரியாது என்பவர்கள் வாடகையிலேயே இருக்கலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

புது வீடுதான் என்று முடிவு செய்துவிட்டால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலைநாள் காலை ஏழரைக்கு அந்த இடத்திலிருந்து ஆபீஸுக்கு வண்டி ஓட்டிப் பாருங்கள். பக்கத்துக் காலி நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று நகரத் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அதே பில்டர் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் கட்டி முடித்த தெருவுக்குப் போய், வெளியே நிற்பவர்களிடம் வாரண்டி வேலைக்குக் கூப்பிட்டால் எத்தனை நாளில் வந்தார்கள் என்று விசாரியுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் உங்கள் மனைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தண்ணீர் வடியாமல் நின்றால் லாட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்ற முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.